பதினாலு மேலபாத்தான்

வேல்ராஜ் காலை ஐந்தரைக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினான். பல் தேய்த்தான். ஸ்டவ்வில் பால் வைத்தான். பால் சுடுவதற்குள் பின்பக்கம் போனான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சிமெண்ட் தொட்டி. அதன் பலகை மேலிருந்த செங்கல்லை இறக்கினான். பலகையைத் தூக்கினான். மீன்களை எண்ணினான். பதினாலு. பக்கத்து வாளியிலிருந்து டீ வடிகட்டியால் கொசுப்புழுக்களை அள்ளித் தொட்டியில் தட்டினான். பலகையை வைத்தான். செங்கல்லை ஏற்றினான். உள்ளே வந்தால் பால் பொங்கி வழிந்திருந்தது. துடைத்தான். மிச்சத்தில் டீ போட்டுக் குடித்தான். குளித்தான். ஆறே காலுக்குத் தெருமுனையில் நின்றான். ஆறு இருபதுக்குக் கம்பெனி பஸ் வந்தது.

எட்டு மாதமாக இப்படித்தான். பால் பொங்காத நாள் இல்லை. மீனை எண்ணாத நாளும் இல்லை.

அந்தக் கொசு வாளியைப் பற்றி வீட்டுக்காரம்மா சந்திரம்மாளுக்குத் தீராத குறை.

"ஏம்பா வேலு, கொசு புடுங்குதுன்னுதானே உன் பொண்டாட்டி மீனு வுட்டா? மீனு மொத்த கொசுவையும் துன்னு தீத்துச்சி. இப்ப மீனுக்குத் தீனி இல்லன்னு நீ கொசு வளக்குற. இன்னா கூத்து இது?"

"ம்," என்றான் வேல்ராஜ்.

அந்த எட்டு மாதத்தில் அவன் அதிகம் பேசியது அதைத்தான். அந்த 'ம்'முக்குள் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் அவரவருக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு வருகிறாயா என்று கேட்டவனுக்கு அது சம்மதம். சாமியார் ஒருவருக்கு அது பக்தி. சைக்கிளை ஒரு நாள் இரவல் கேட்டு 'ம்' வாங்கிக்கொண்டு போன ஒருவன் வாலாஜாபாத்திலேயே குடியேறிவிட்டான், சைக்கிளோடு.

மீனைப் பற்றிச் சொல்லவேண்டும். விரல் நீளம்கூட வராது. தட்டைத் தலை. தலை உச்சியில் ஒரு வெள்ளிப்பொட்டு. மேலிருந்து பார்த்தால் குட்டி டார்ச் அடித்ததுபோல மின்னும். தண்ணீரின் மேல்மட்டத்தில் குச்சிபோல அசையாமல் கிடக்கும். கண்ணும் வாயும் வானத்தைப் பார்த்தே அமைந்தவை. கீழே என்ன நடந்தாலும் அதற்கு அக்கறை இல்லை. ஏரிக்கரைப் பள்ளம், வாய்க்கால், நெல்வயல் என்று எங்கே தண்ணீர் தேங்கினாலும் இருக்கும். குழம்புக்கு ஆகாது. கொசுப்புழு தின்பதில் அதை அடிக்க ஆள் கிடையாது. இன்னொரு திறமையும் அதற்கு உண்டு. இந்தக் கதை அதனால்தான் வந்தது.

முதல் ஆறு மீன்களைப் பிடித்தவள் அவன் மனைவி தங்கமாரி. 2002 ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போனாள். முருகனைப் பார்த்தது ஐந்து நிமிஷம். கோயிலுக்கு வெளியே பள்ளத்தில் மீனைப் பார்த்தது ஒரு மணி நேரம். துப்பட்டாவை விரித்துப் பிடித்தாள். தேங்காய், பழம் வாங்கின பையில் ஊற்றிக்கொண்டாள். பிரசாதம் வேல்ராஜின் சட்டைப்பையில் பயணம் செய்தது.

கோவில்பட்டியில் பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவன் என்ற முறையில் வேல்ராஜ் பஸ்ஸில் விளக்கம் சொன்னான். "இது கில்லி மீன் வகை. பேரு அப்லோகைலஸ்."

"அது யாரோ வெள்ளக்காரன் பேரு," என்றாள் தங்கமாரி. "இது மேலபாத்தான். பாருங்க, எங்க லைன் சூப்பர்வைசர் மாதிரியே, ஆள் முகத்தப் பாக்கவே மாட்டேங்குது."

மேலபாத்தான் என்றே ஆயிற்று. படித்தது போயிற்று.

எட்டு மாதம் முன்பு ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அவள் வேலைக்குப் போகும் வேனில் ஏறினாள். ஒரகடம் கூட்டு ரோட்டில் ஒரு லாரி. வேனில் பன்னிரண்டு பேர். அவள் மட்டும்.

அதற்குப் பிறகு அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பதில் ஆளுக்கொரு பாடம் கிளம்பியது. சங்கரன்கோவிலில் இருந்த சொர்ணம்மாள், அவன் அத்தை, மாமியாரும் அவள்தான், "எம்மவ அம்மான்னு கூப்பிட்டுத்தான் கண்ண மூடுனா," என்றாள். சங்கரன்கோவிலுக்கும் ஒரகடத்துக்கும் அறுநூறு கிலோமீட்டர். "எங்க வூட்டுக்காரர பாத்துக்கோங்கன்னு என் கைய புடிச்சிக்கினு சொன்னா," என்றாள் சந்திரம்மாள். அந்த நேரத்தில் அவள் பால் பூத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். தங்கமாரி வேலை பார்த்த இடத்தில் ஒட்டிய நோட்டீசில், 'கடமை அழைக்கிறது என்று கூறிப் புறப்பட்டவரே' என்று அச்சடித்திருந்தார்கள்.

பக்கத்து சீட்டில் இருந்த கவியாதான் உண்மையைச் சொன்னாள். வேனில் உட்கார்ந்ததும் தங்கமாரி கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள், வழக்கம்போலத் தூங்கிப்போனாள், ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே, வேன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சந்து வழியாகப் பின்பக்கம் பார்த்து அவள் கத்தினாளே, அதுதான் கடைசி. அதைக் கேட்டவன் வேல்ராஜ் ஒருவன்தான். அன்று அவனுக்கு ரெண்டாவது ஷிப்ட். தொட்டியருகே நின்றிருந்தான். அவள் சொன்னது நோட்டீசில் போடுகிற மாதிரி இல்லை. அவன் யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு அவள் பெயரையே சொல்லவில்லை.

வேல்ராஜ் வேலை பார்த்தது கார்க் கதவுக் கைப்பிடிகளுக்கு முலாம் பூசும் தொழிற்சாலையில். பூசிக் கழுவின தண்ணீரைச் சுத்தம் செய்யும் பகுதி அவனுடையது. அதன் கடைசியில் செங்கல் தொட்டி ஒன்று. சுத்தமான தண்ணீர் அதில் வந்து விழும். அதில் மீன் நீந்தவேண்டும். மேனேஜர் வானமாமலையின் ஏற்பாடு அது. நாங்குநேரிக்காரர். "லேப் ரிப்போர்ட்ட எவன்டே படிக்கான்? மீன் உயிரோட இருந்தா தண்ணி சுத்தம். அம்புட்டுத்தான்," என்பார்.

ஆனால் மீன்தான் உயிரோடு இருக்க மாட்டேன் என்றது. முதலில் விட்ட தங்கமீன்கள் மே மாத வெயிலில் வெந்தன. அடுத்து விட்டவை ஆயுத பூஜை வரை தாக்குப்பிடித்தன. பூஜையன்று எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், மீன்தொட்டியை மட்டும் விட்டால் மரியாதை இல்லை என்று அதில் கரைத்தே ஊற்றினார்கள். கூடவே பொரியும் சுண்டலும். மறுநாள் காலை மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன.

அதற்கு அடுத்த மாதம் ஆடிட். வெள்ளிக்கிழமை, கார் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருகிறார். திங்கட்கிழமை வானமாமலை காலித் தொட்டிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சார், நம்ம வேலு வூட்ல மீனு கீது சார்," என்றான் சூப்பர்வைசர் ரத்தினம். உள்ளூர்க்காரன், நல்லவன், எந்த ரகசியமும் அவனிடம் தங்காது. "நெத்தில பொட்டு வெச்ச மீனு. இதுக்கு நாம தனியா குங்குமம் வெக்க வேணாம் சார். பொட்டோடவே பொறந்துகீது."

"எத்தனடே இருக்கு?"

"பதினாலு," என்றான் வேல்ராஜ்.

"நாளைக்குக் கொண்டாந்துரு."

"ம்."

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எதற்கு 'ம்' சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை பெயிண்ட் வாளியில் பதினாலும் வந்தன. கூடவே ஒரு கைப்பிடி ஆகாயத்தாமரை, பலகை, செங்கல். வாளியை இறக்கி வைத்துவிட்டு வேல்ராஜ் சொன்னான்: "சார், வெள்ளிக்கிழமை ஆடிட் முடிஞ்சதும் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன். பதினாலும் எனக்கு வேணும்."

ரத்தினம் வாயைப் பிளந்தான். எட்டு மாதத்தில் வேல்ராஜ் பேசிய மிக நீளமான பேச்சு அது.

"ஒண்ணு கொறையாது. எழுதியே வச்சிருவோம்," என்றார் வானமாமலை. எழுதியும் வைத்தார். அன்றிலிருந்து ஷிப்ட் செக் ஷீட்டில் ஒரு புதுக் கட்டம்: 'மீன் எண்ணிக்கை.' மாறுகிற ஷிப்ட் எண்ணிக் கொடுக்கவேண்டும். வருகிற ஷிப்ட் எண்ணி வாங்கவேண்டும். மீன் நன்றாகத் தெரியட்டும் என்று தண்ணீரையும் விளிம்பு வரை ஏற்றச் சொன்னார்.

புதன்கிழமை காலை வேல்ராஜ் வந்தபோது தொட்டி மேல் பலகை இல்லை. செங்கல்லும் இல்லை. கட்டத்தில் பன்னிரண்டு என்றிருந்தது.

"பலகை?" என்றான் ரத்தினத்திடம்.

"ஃபைவ் எஸ்ல பூட்ச்சுப்பா."

ஃபைவ் எஸ் என்பது ஜப்பானிலிருந்து வந்த சுத்தக் கலை. எந்தப் பொருளுக்குச் சொந்தக்காரன் பெயர் இல்லையோ, எது எதற்கென்று தெரியவில்லையோ, அதன் கழுத்தில் சிவப்புச் சீட்டுக் கட்டவேண்டும். அன்று மாலையே அது பழைய சாமான் கொட்டகைக்குப் போய்விடும். ஆடிட் வாரத்தில் ஃபைவ் எஸ் குழுவுக்குச் சாமி வந்துவிடும். போன வருஷம் வாட்ச்மேன் மூக்குக்கண்ணாடிக்கே சீட்டுக் கட்டினார்கள்.

"ஆடிட்டரு மீன பாக்க வராரா, பலகைய பாக்க வராரா?" என்றான் ரத்தினம்.

பலகை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று வேல்ராஜுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தான். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதற்குப் பதில் சொல்லவேண்டும். பதிலில் ஒரு பெயர் வரும்.

"ம்," என்றான்.

அன்று சாப்பாட்டு நேரத்திலும் தொட்டியருகேயே நின்றான். அவன் நின்றவரை பன்னிரண்டும் இருந்தன. மூன்றரைக்கு பஸ் வந்தது.

வியாழன் காலை ஒன்பது.

பத்து மணிக்கு வானமாமலை தொட்டிப் பக்கத்திலேயே வெள்ளைப் பலகையை நிறுத்தி 'ஒய்-ஒய்' கூட்டம் போட்டார். எந்தக் குறை வந்தாலும் ஐந்து தடவை 'ஏன்' கேட்டால் வேர் கிடைக்கும் என்பது முறை. கேண்டீனில் வடை வேகாததற்கே ஒரு தடவை ஐந்து ஏன் கேட்டவர் அவர்.

"ஏன் நம்பர் ஒண்ணு. மீன் ஏன் கொறஞ்சுது?"

"பி ஷிப்ட் பசங்க சார்," என்றான் ரத்தினம். "அல்லாம் தூத்துக்குடி பக்கம். மீன பாத்தா கை சும்மா இருக்குமா?"

வானமாமலைக்குச் சுருக்கென்றது. "எங்க பக்கத்துக்காரன் இத்தினிக்கூண்டு மீனத் திம்பானாடே? வெளிய சொன்னா பொண்ணு குடுக்க மாட்டான்."

எல்லோர் பார்வையும் கேண்டீன் அம்சவல்லி பக்கம் திரும்பியது.

"இன்னாத்துக்கு என்ன பாக்குறீங்க? நேத்து மீன் கொழம்பு போட்டேன், ஒத்துக்கறேன். அது மார்க்கெட்டு மீனு. இந்த அஞ்ச வெச்சி முன்னூறு பேருக்குக் கொழம்பு ஊத்த நான் இன்னா ஏசு சாமியா?" என்றவள், கொஞ்சம் யோசித்தாள். "ஆனா சார், என் பூனை ரெண்டு நாளா தயிர் சோத்த மோந்து பாத்துட்டுப் பூடுது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தொட்டியின் அடிவாரத்தில், நிழலில், நாலு காலையும் நீட்டிக்கொண்டு பூனை தூங்கியது. வயிறு இறுக்கிக் கட்டிய மூட்டை மாதிரி இருந்தது.

"பூனை தின்னுருக்கு," என்று எழுதினார் வானமாமலை. "ஏன் ரெண்டு. பூனைக்கு மீன் எப்படிக் கெடச்சுது? அது தண்ணியில எறங்காதே?"

"தரையில கெடந்துருக்கும்."

"ஏன் மூணு. மீனுக்குத் தரையில என்ன சோலி?"

யாருக்கும் தெரியவில்லை. "காத்து வாங்க வந்துருக்கும் சார்," என்றான் ரத்தினம். யாரும் சிரிக்கவில்லை.

வேல்ராஜ் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது வெள்ளிப்பொட்டுகள். தங்கமாரி இருந்தபோது இருபத்திரண்டு. லாரிச் செய்தி வந்த அன்று, தொட்டியைத் திறந்தது திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினான். ஊரில் காரியம் முடிந்து பதினெட்டு நாள் கழித்து வந்து பார்த்தால் பதினாலு. மற்றதைச் சந்திரம்மாள் கல்லைச் சுற்றிப் பெருக்கி எடுத்துப் போட்டிருந்தாள். அன்றைக்குத்தான் செங்கல் வாங்கினான்.

"குதிக்கும் சார்," என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது அப்படித்தான். பள்ளத்துல தண்ணி வத்துனா பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவும். பறக்குற பூச்சியப் பாத்தாலும் தாவும். மூடி இல்லன்னா தாவிக்கிட்டே இருக்கும். அதுக்கு மேலதான் கண்ணு. எங்க விழும்னு பாக்காது."

வானமாமலை வேகமாக எழுதினார். "ஏன் மூணும் நாலும் முடிஞ்சுது. ஏன் அஞ்சு. மூடி ஏன் இல்ல?"

சிவப்புச் சீட்டுகளின் ஃபைல் வந்தது. 'பலகை ஒன்று, செங்கல் ஒன்று. உபயோகம்: தெரியவில்லை. அகற்றியவர்:' என்று படித்த வானமாமலை கையெழுத்தைப் பார்த்தார். பிறகு ரத்தினத்தைப் பார்த்தார்.

"சார், செங்கல்லு மேல பேரு எழுதல சார்," என்றான் ரத்தினம். அம்சவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"வேல்ராஜ், ஒனக்குத்தான் தெரியுமே? நேத்தே ஏன்டே சொல்லல? இது காலேஜ்ல படிச்சதா?"

"காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரல சார்." அவன் நிறுத்தினான். "தங்கமாரி சொன்னா."

வானமாமலை மார்க்கர் பேனாவுக்கு மூடி போட ஆரம்பித்தார். அது சீக்கிரம் பொருந்தவில்லை. பூனை ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

"சரி," என்றார் கடைசியில். "போய் அந்தப் பலகைய எடுத்துட்டு வாங்கடே."

ரத்தினமே போனான். பலகையை ஒரு கக்கத்திலும் செங்கல்லை இன்னொரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு வந்தான். செங்கல் மேல் சாக்பீஸில் கொட்டை எழுத்தில் 'வேலு' என்று எழுதியிருந்தான்.

வெள்ளிக்கிழமை ஆடிட்டர் புனேயிலிருந்து வந்தார். காலையிலிருந்து ஒரு பல்லைக்கூடக் காட்டாத மனிதர். தொட்டியருகே வந்து அவரே பலகையைத் தூக்கினார். ஒரு மேலபாத்தான் எம்பி அவர் கையிலிருந்த ஃபைலின் மேல் விழுந்து துள்ளியது. ரத்தினம் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, அதில் மீனைத் தட்டி, தொட்டியில் கவிழ்த்தான். ஆடிட்டர் சிரித்தார். ஈரமான காகிதத்தில், மீன் நல்ல ஆரோக்கியத்துடன் உள்ளது என்று எழுதினார். அதற்குக் கீழே ஒரே ஒரு குறை: தொட்டியை மூடவேண்டும் என்ற அறிவிப்பு அங்கே இல்லை, முப்பது நாளுக்குள் வைக்கவேண்டும்.

சாயங்காலம் ஒன்பது மீன்கள் பெயிண்ட் வாளியில் வீடு திரும்பின. அதற்குள் வாளிப் புழுக்கள் எல்லாம் கொசுவாகிச் சந்திரம்மாளை ஒரு வழி பண்ணியிருந்தன. கை காலெல்லாம் தடிப்பு.

"வந்துச்சா? மொதல்ல உள்ள வுடு," என்றாள். "அஞ்சு எங்க?"

"பூனை," என்றான் வேல்ராஜ்.

"ஐயோ பாவமே," என்றாள். அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்காதது இதுதான் முதல் தடவை.

அவன் ஒன்பதை எண்ணினான். திரும்பவும் எண்ணினான். ஒன்பதுதான். பலகையை வைத்தான். பலகையும் புதுசு, அதன் மேல் ஏற்றின செங்கல்லும் புதுசு. பழைய பலகையும், பெயர் எழுதின செங்கல்லும் தொழிற்சாலையில் இருந்தன.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் ரத்தினம் அவன் சட்டையைப் பிடித்துத் தொட்டிக்கு இழுத்துப் போனான். "நைனா, இங்க இன்னா ஆவுதுன்னு பாரு. ஷீட்டுல இன்னா எழுதறதுன்னே தெர்ல."

ஆகாயத்தாமரை வேர்களுக்கு நடுவே கண்ணிமை முடி நீளத்துக்கு என்னென்னவோ ஓடின. வேல்ராஜ் குனிந்தான். ஒவ்வொன்றின் தலையிலும் ஊசி முனையளவு வெள்ளி. அந்த நாலு நாளில் மீன்கள் வேரில் முட்டையிட்டிருக்கின்றன. பெரிய மீன்கள் இருந்திருந்தால் குஞ்சுகளைத் தின்று தீர்த்திருக்கும். எடுத்துப்போனது நல்லதாயிற்று. இருபத்தி மூன்று வரை எண்ணினான். பிறகு எண்ண முடியவில்லை. கண் ஒத்துழைக்கவில்லை.

"கூட எத்தினி கீதுன்னு அப்பறம் பாத்துக்கலாம்," என்றான் ரத்தினம், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. தகரப் பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்தான். நீலப் பெயிண்டில் பிரஷ்ஷை முக்கினான். "அந்த ஆடிட் போர்டு பாக்கி கீது. மேனேஜர் உன்ன கேட்டு எழுதச் சொன்னாரு."

"தொட்டியை மூடவும்னு போடுங்க."

"போட்டா எவன் மூடுவான்? 'லைட்டை அணைக்கவும்'னு எழ்தி கீது, எவன் அணைக்கிறான்?" ரத்தினம் பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தான். "அன்னிக்கு அந்தம்மா சொன்னாங்கன்னு சொன்னியே. அவங்க இன்னா சொன்னாங்கோ, அத்தச் சொல்லு."

"அப்படியேவா?"

"அப்டியே. ஒரு எழுத்து மாத்த மாட்டேன்."

வேல்ராஜ் பலகையைத் தொட்டி மேல் வைத்தான். செங்கல்லை ஏற்றினான். பிறகு சொன்னான். ரத்தினம் கேட்டுக்கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, தகரம் கொள்ளுமளவு பெரிய எழுத்தில் எழுதினான்:

"அத்தான், தொட்டி மூடியப் போட்டுட்டுப் போங்க. சாயங்காலம் வந்து தரையில தேடிக்கிட்டுக் கெடக்க என்னால முடியாது."